சிறு முதலீட்டில் தேநீர்க் கூடமும் விருந்தினர் இல்லமும்
அல்சூர் வீடுகளை முன்வைத்து ஓர் உரை

பெரும் நகரங்களில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது தொழிற்சாலையும் அலுவலகமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பம் தன் வீட்டின் முன்கூடத்தில் பத்துப் பேருக்குத் தேநீர் கொடுத்து, மாடியில் உள்ள இரண்டு அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விட்டுப் பிழைப்பதும் ஒரு தொழிலே ஆகும். இதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. நிலம் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் இத்தகைய முயற்சிகளுள் பல ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டு விடுகின்றன. முதலைக் கட்டடத்திலும் அலங்காரத்திலும் முடக்கி விட்டுக் கையிருப்பின்றி நிற்பதும், குடும்பத்தாரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் வருவதாக மயங்குவதும் இதற்கான முதன்மைக் காரணங்கள். இவ்விரண்டையும் தவிர்ப்பது எப்படி என்பதைப் பெங்களூரின் அல்சூர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது பயனுடையது.

இடத்தின் இயல்பு

அரசு ஏடுகளில் இன்று ஹலசூரு எனப்படும் அல்சூர், 1809-ஆம் ஆண்டில் இராணுவக் குடியிருப்பு அமைக்கப்படுவதற்கு முன்பிருந்தே ஊராக விளங்கிய பகுதி. சோமேசுவரர் கோயில் அதன் பழமைக்குச் சான்று. இராணுவக் குடியிருப்பு வளர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த வணிகர், ஒப்பந்தக்காரர், தொழிலாளர் பலர் இங்கே குடியேறினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளையும், 1950-இல் நிறுவப்பட்டு ஏரியின் அருகில் இயங்கிவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இந்தத் தொடர்பின் அடையாளங்கள். ஏரிக்கரைப் பகுதியில் 2009 ஆகஸ்டில் திருவள்ளுவர் சிலை திறந்து வைக்கப்பட்டது.

விருந்தினர் இல்லத்துக்கு இவ்வரலாறு வெறும் பெருமைச் செய்தி அன்று. வருவோர் யார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. கோயிலுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் வருவோர், சங்க விழாக்களுக்கு வருவோர், ஏரிக்கு அருகிலுள்ள மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு மையத்தில் பயிற்சி பெறும் வீரர்களைக் காண வரும் பெற்றோர், மருத்துவத்துக்காக நகருக்கு வருவோர் ஆகியோர் ஐந்து நட்சத்திர விடுதியைத் தேடுவதில்லை. அவர்களுக்குத் தூய்மையான அறை, சுடுநீர், பாதுகாப்பு, காலையில் நல்ல தேநீர், வழி கேட்டால் பொறுமையாகச் சொல்லும் ஒருவர் என்பவையே தேவை.

போக்குவரத்தும் துணை செய்கிறது. பெங்களூர் மெட்ரோ இரயிலின் முதற்பகுதி 2011 அக்டோபர் 20-ஆம் நாள் திறக்கப்பட்டபோதே ஹலசூரு நிலையம் அதில் இடம்பெற்றது. 2023-இல் அந்த ஊதா வழித்தடம் முழுமையடைந்தபின், நகர இரயில் நிலையத்தில் இறங்கும் பயணி வண்டி மாறாமல் அல்சூருக்கு வந்து சேரலாம். அதே தடத்தில் ஒயிட்ஃபீல்டுக்கும் செல்லலாம். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஒரு வீடு இருக்குமானால், அதன் உரிமையாளர் காசு செலவழிக்காமலே ஒரு பெரிய வசதியைப் பெற்றிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

இரு முன்னோடிகள் கற்பிப்பவை

சிறு முதலில் தொடங்கிய சிற்றுண்டித் தொழிலுக்குப் பெங்களூரிலேயே புகழ்பெற்ற முன்மாதிரிகள் உண்டு. 1924-ஆம் ஆண்டில் பரமேசுவர மையாவும் அவர் சகோதரரும் ஒரு சிறிய உணவகத்தைத் தொடங்கினர். அதுவே பின்னர் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் எனப் பெயர் பெற்றது. அவர்களுடைய இளைய சகோதரர் யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களைப் பார்வையிட்டுத் திரும்பினார். அப்பயணத்துக்குப் பின் பாத்திரங்களைக் கொதிநீராவியால் தூய்மை செய்வது போன்ற முறைகள் அங்கே நடைமுறைக்கு வந்தன. சமையலறைத் தூய்மையை வாடிக்கையாளர் நேரில் காணலாம் என்பதே அந்த உணவகத்தின் சிறந்த விளம்பரமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது இரவையைக் கொண்டு இட்லி செய்ததும் தங்கள் சமையலறையே என்று அந்நிறுவனம் கூறுகிறது. கிடைக்கும் பொருளைக் கொண்டு தரத்தை விடாமல் காப்பது சிறு தொழிலின் வலிமை என்பதற்கு இது சான்றாகும்.

மற்றொன்று இந்தியக் காப்பி விடுதி. காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை 1950-களில் மூடத் தொடங்கியதால் வேலையிழந்த ஊழியர்கள், ஏ. கே. கோபாலன் முதலிய தலைவர்களின் ஊக்கத்துடன் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். அவற்றுள் முதலாவது பெங்களூரில் 1957 ஆகஸ்டில் தோன்றியது. பரிமாறியவர்களே உரிமையாளர்கள் ஆயினர். மகாத்மா காந்தி சாலையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிய அவர்களது விடுதி, அந்த இடத்தை விட்டு 2009-இல் சர்ச் தெருவுக்கு மாற நேர்ந்தது. வாடிக்கையாளர் அன்பு எவ்வளவு இருந்தாலும், பிறர் கட்டடத்தில் நடக்கும் தொழிலுக்கு இடம் நிலையானதன்று என்பதை இது உணர்த்துகிறது. சொந்த வீடுள்ள குடும்பத்துக்கு இவ்வகையில் தொடக்கத்திலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வாடகைக்கு வீடு எடுத்துத் தொடங்க எண்ணுவோர், பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்கும் பெங்களூர் வழக்கத்தையும் முதலீட்டில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எத்தனை அறைகள்?

தொடங்குவோர் அனைவரும் கேட்கும் முதற்கேள்வி இது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கலும் காலை உணவும் வழங்கும் இல்லங்களுக்கான திட்டம், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றும், ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை, அதாவது பன்னிரண்டு படுக்கைகள் வரை, விருந்தினருக்கு விடலாம் என்றும் வகுத்தது. ஆறு வரை அனுமதி உண்டு என்பதால் ஆறையும் உடனே கட்டிவிட வேண்டும் என்று எண்ணுவது தவறு. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அவை மாறும்.

ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வாடகை 1,500 ரூபாய் என்று கொள்வோம். சலவை, சோப்பு, காலைச் சிற்றுண்டி, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்கு 400 ரூபாய் போனால், 1,100 ரூபாய் மிஞ்சும். புதிய இல்லத்தைத் தேடி மாதத்துக்கு 24 அறை-இரவுகளுக்கே ஆள் வருவதாகக் கொண்டால், மிச்சம் 26,400 ரூபாய். இப்போது இரு குடும்பங்களை ஒப்பிடலாம். ஒரு குடும்பம் 12 லட்சம் கடன் வாங்கி ஆறு அறைகளைச் சீரமைக்கிறது. 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால், மாதம் ஏறத்தாழ 26,700 ரூபாய் கட்ட வேண்டும். அறைகள் ஈட்டிய முழு மிச்சமும் தவணைக்கே போதாது. மற்றொரு குடும்பம் 3 லட்சத்தில் இரண்டு அறைகளை மட்டும் சீரமைக்கிறது. அதன் தவணை ஏறத்தாழ 6,700 ரூபாய். அதே 24 அறை-இரவுகளில் அதற்கு 19,700 ரூபாய் எஞ்சுகிறது.

வந்தவர் எண்ணிக்கை ஒன்றே; வாடகையும் ஒன்றே. முதற்குடும்பத்தின் அறைகள் மாதத்தில் 13 விழுக்காடும், இரண்டாம் குடும்பத்தின் அறைகள் 40 விழுக்காடும் நிரம்பின. காலியாகக் கிடந்த அறைகளே முதற்குடும்பத்தின் கழுத்தை நெரித்தன. இரண்டு அறைகள் போதாமல் விருந்தினரைத் திருப்பி அனுப்பும் நிலை மாதந்தோறும் ஏற்படும்போது மூன்றாம் அறையைத் திறப்பதே அறிவுடைமை.

தேநீரின் கணக்கு

தேநீரில் இலாபம் மிகுதி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டரைக் கிராம் தேயிலைத் தூள் வேண்டும். எனவே ஒரு கிலோ தூள் 400 கோப்பைகளுக்கு வரும். கிலோ 400 ரூபாய்த் தூளாயின் கோப்பைக்கு ஒரு ரூபாய். 100 மில்லி பாலுக்கு 5 ரூபாய், சர்க்கரைக்கு அரை ரூபாய், எரிவாயுவுக்கும் பிறவற்றுக்கும் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால், மொத்தம் 8 ரூபாய். 20 ரூபாய்க்கு விற்றால் 12 ரூபாய் நிற்கும். இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படும். தேநீரில் பெருஞ்செலவு பாலுக்கே, தூளுக்கு அன்று. தூளில் சிக்கனம் செய்து மட்டமானதை வாங்குவோர் கோப்பைக்குச் சில காசுகளை மீத்து, வாடிக்கையாளரை இழக்கின்றனர்.

நாளுக்கு 60 கோப்பை, மாதத்தில் 26 நாள் என்றால் 18,720 ரூபாய் கிடைக்கும். உதவியாளர் ஒருவருக்கு 18,000 ரூபாய் ஊதியம் கொடுத்தால் எஞ்சுவது 720 ரூபாயே. உதவியாளரை வைக்காமல், வீட்டுப் பெண்மணியே விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பேற்றி இரவு ஒன்பதுக்குப் பாத்திரம் துலக்கினால், 18,720 ரூபாயும் இலாபம் போலத் தோன்றும். உண்மையில் அது இலாபமன்று. அவருக்குச் சேர வேண்டிய கூலி. அவர் நோயுற்ற நாளில் கடை மூடப்படும்போதுதான் இது குடும்பத்துக்குத் தெரிகிறது. ஆகவே கணக்குப் புத்தகத்தில் உழைக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் ஊதியம் எழுதப்பட வேண்டும்; அது அவர் கையிலும் சேர வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களைத் தேநீர்க் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் முதலே தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் மறத்தலாகாது.

அறையின் 19,700 ரூபாயையும் தேநீரின் 720 ரூபாயையும் சேர்த்தால் 20,420 ரூபாய். இல்லத்தை நடத்தும் ஒருவரின் உழைப்புக்கு 18,000 ரூபாய் எழுதினால், 2,420 ரூபாய் மிஞ்சும். குழாய் பழுதுக்கும் உரிமக் கட்டணத்துக்கும் அதுவே ஆதாரம். தேநீர்க் கூடம் ஒருவருக்கு வேலை தருகிறது. தெருவில் போவோரை வீட்டுக்குள் அழைத்து வந்து அறைகள் இருப்பதைத் தெரிவிக்கிறது. அறைகளே குடும்பத்தைத் தாங்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் அமைப்பு இது.

எதில் செலவிடுவது?

மூன்று லட்சத்தை எவ்வாறு பகிர்வது? குளியலறை, கழிப்பறை, குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றுக்கு 1,10,000; கட்டில் மெத்தைகளுக்கு 60,000; அடுப்பு, பாத்திரம், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கு 45,000; மின்கம்பி மாற்றத்துக்கும் வெள்ளையடிப்பதற்கும் 40,000; விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைகளுக்கு 25,000; தேநீர்க் கூடத்து மேசை நாற்காலிகளுக்கு 20,000 ரூபாய் என்று ஒதுக்கலாம். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு மிகுதியாகவும், கண்ணுக்குத் தெரிபவற்றுக்குக் குறைவாகவும் இதில் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒழுகும் குழாயை எந்த அலங்காரமும் ஈடு செய்யாது. கட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று தொகுதி விரிப்புகள் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஏரி அருகில் இருப்பதால் சன்னல்களுக்குக் கொசுவலை அவசியம்.

இம்மூன்று லட்சத்துக்கு அப்பால், தவணைக்கும் உதவியாளர் ஊதியத்துக்கும் மூன்று மாதத்துக்கு வேண்டிய ஏறத்தாழ 75,000 ரூபாயைச் சொந்தச் சேமிப்பிலிருந்து தனியே வைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் ஆள் வராத ஒரு மாதத்தைத் தாண்டச் செய்வது இத்தொகையே.

மனங்கவர் தோற்றத்துக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. அல்சூரின் பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரையும், மங்களூர் ஓடும், முன்திண்ணையும் இன்றும் காணப்படுகின்றன. இவற்றைப் பெயர்த்தெடுத்துப் பளிங்குக் கல் பதிப்போர் செலவு செய்து அழகைக் கெடுக்கின்றனர். தரையை மெருகேற்றி, சுவருக்கு ஒரே நிறம் பூசி, சிவாஜி நகரின் பழைய பொருட்சந்தையில் கிடைக்கும் மரப்பெஞ்சுகளைச் செப்பனிட்டுப் போட்டு, வாயிலில் கோலமும் சில பூத்தொட்டிகளும் வைத்தால் போதும். சோமேசுவரர் கோயில் திருவிழா நாட்கள், மெட்ரோ வண்டி நேரம், அருகிலுள்ள மருந்துக்கடை ஆகியவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை, விலையுயர்ந்த ஓவியத்தைவிட விருந்தினருக்குப் பயன்படும்.

தண்ணீரும் ஏரியும்

பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் நகரம் கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. அக்காலத்தில் தண்ணீர் வண்டிகளை நம்பிய விடுதிகளின் செலவு ஏறியது. குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கட்டாயமாக்கியது. கட்டாயம் இல்லாத சிறு மனையிலும் அதை அமைப்பது விருந்தினர் இல்லத்துக்கு ஆதாயமே.

பயன்படுத்திய நீர் எங்கே செல்கிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் பெருமளவில் இறந்து மிதந்தன. கழிவுநீர் சேரும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடிகின்றன. ஏரியைக் காட்டி விருந்தினரை அழைக்கும் இல்லம், தன் சமையலறை எண்ணெயையும் தேயிலைச் சக்கையையும் மழைநீர்க் கால்வாயில் கொட்டினால், தன் பிழைப்பின் வேரையே வெட்டுகிறது. எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்றை அமைப்பதும், சக்கையை உரமாக்கித் தொட்டிச் செடிகளுக்கு இடுவதும் பெருஞ்செலவன்று.

சட்டமும் கடனும்

மாநகராட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவை தேவை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு மேற்படாத சிறு உணவுத் தொழில்களுக்கு எளிய பதிவு முறையை ஏற்படுத்தின. மேற்சொன்ன கணக்கில் தேநீர் விற்பனை ஆண்டுக்கு 3,74,400 ரூபாயும், அறை வாடகை 4,32,000 ரூபாயும் ஆகும். இரண்டும் சேர்ந்து சுமார் 8 லட்சமே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழி அறிவிக்க வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்தலாகாது. வணிகச் சிலிண்டரே முறையானது.

கடனுக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரையிலான கிஷோர் பிரிவு இத்தகைய முயற்சிக்கு ஏற்ற அளவினது, பிணையம் கேட்கப்படுவதில்லை. 2008-இல் தொடங்கிய பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 15 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25 விழுக்காடும் மானியம் அளிக்கும் வகையில் அமைந்தது. அம்மானியம் கையில் தரப்படுவதில்லை. மூன்றாண்டு வங்கியில் வைக்கப்பட்டு, தொழில் நடப்பது சரிபார்க்கப்பட்ட பின்னரே கடனில் கழிக்கப்படும். இதை அறியாமல் மானியத்தை நம்பிச் செலவைப் பெருக்கியவர்கள் துன்பப்படுவர். விண்ணப்பத்தைப் பெறும் அலுவலர் இதனை முதல் நாளிலேயே எடுத்துச் சொன்னால், பின்னால் வரும் பல வாராக்கடன்களைத் தவிர்க்கலாம்.

முடிவாக

அல்சூரில் நிலமதிப்பு உயர உயரப் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் தூண்டுதல் வலுப்பெறுகிறது. அவ்வீட்டில் வாழும் முதியவருக்கும், வேலையிழந்த மகனுக்கும், படித்தும் வேலை கிடைக்காத மகளுக்கும் அதே கூரையின் கீழ் வருவாய் கிடைக்குமானால், வீடும் நிற்கும், குடும்பமும் பிரியாது. ஆனால் இந்த நம்பிக்கை கணக்கின்மேல் நிற்க வேண்டும். பொருளியல் பயிலும் மாணவர், தம் தெருவிலுள்ள ஒரு தேநீர்க் கடையின் ஒரு மாத வரவு செலவை, உழைப்பின் மதிப்பையும் சேர்த்து எழுதிப் பார்த்தால், பாடநூலில் உள்ள நிலைச்செலவு, மாறும் செலவு என்னும் சொற்கள் உயிர் பெறும். அலுவலர்கள், பெரிய திட்ட அறிக்கையுடன் வருபவரை மட்டுமன்றி, இரண்டு அறைகளும் ஓர் அடுப்பும் போதும் என்று வருபவரையும் மதித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவரே தவணையைத் தவறாமல் கட்டுபவராக இருப்பார்.